முதுகில் ஓடிய பெயர்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகுத் தரகு பார்க்கும் வெங்கிடாசலத்தைவிட அவருடைய பெயர் அதிக தூரம் ஓடியிருக்கிறது. அவர் பஜார் ரோட்டிலிருந்து பாலஸ் ரோடு வரை நடப்பதற்கே நடுவில் ஒரு தரம் நின்று, ஏதோ கடைப் பலகையைப் படிப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொள்வார். பெயரோ டெக்ஸாஸில் நாற்பது கெஜத்தை ஐந்து செகண்டுக்குள் ஓடும். தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, தோளில் தலையணை கட்டிக்கொண்டு, நாலைந்து தடியர்கள் துரத்த ஓடும்.

பெயர் அங்கே போய்ச் சேர்ந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நம்மவர்களுக்கு அப்பன் பெயரின் முதல் எழுத்து இனிஷியல், அதோடு தீர்ந்தது. அமெரிக்காக்காரன் அதை ஒத்துக்கொள்ள மாட்டான். முன்னால் ஒரு பெயர், பின்னால் ஒரு பெயர் என்று அவனுக்கு இரண்டும் வேண்டும். ஆகவே ஐந்து வயது ஷங்கருக்குப் பாஸ்போர்ட் மனு எழுதியபோது ஸுப்ரியா இனிஷியலை விரித்து, பின்பெயர்க் கட்டத்தில் தன் கணவன் பெயரை முழுசாக எழுதினாள். இங்கிலீஷில் பதிமூன்று எழுத்து. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

விசா மூன்று பேருக்கும்தான் வந்தது. ஸுப்ரியாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்கோ. மிளகு சீசன் முடிஞ்சதும் வந்துடறேன்" என்றார் வெங்கிடாசலம். மிளகுக்கு வருஷத்தில் ஒரு சீசன்தான் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவரைக் கேட்டால் அந்த வருஷம் அது முடியவே இல்லை என்பார். மிளகு முடிந்தது, சுக்கு வந்தது. சுக்கு முடிந்தது, ஏலம் வந்தது. விசா முடிந்தது, மறுபடியும் மிளகு வந்தது. ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தால் எந்த மலையில் விளைந்தது என்று சொல்லிவிடுகிற மனிதர், மிளகு விளையாத ஊரில் தான் என்ன ஆவோம் என்று பயந்துபோனார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வருஷம் கூரியரில் விவாகரத்துப் பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டு, கூரியர்க்காரருக்கு ஒரு சாயாவும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மறு வருஷம் ஸுப்ரியா விஸ்வநாத் என்கிற மைசூர்க்கார என்ஜினியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனுஷர் என்று கேள்வி. அதுதான் வெங்கிடாசலத்துக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

முதலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஷங்கர் போன் பண்ணிக்கொண்டிருந்தான். வெங்கிடாசலத்திடம் மூன்று கேள்விகள் இருந்தன. சாப்பிட்டாயா, நன்றாகப் படிக்கிறாயா, அங்கே குளிரா. பையனிடம் ஒரே பதில் இருந்தது. ஆமாம். மூன்று ஆமாமும் சேர்ந்து நாற்பது செகண்டுக்கு வந்தன. அப்புறம் இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். பையனுக்கு ஒன்பது வயது நடக்கும்போது ஒரு ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பதினாலு வருஷம் அந்தக் குரலை அவர் கேட்கவில்லை. ஒரு தரம் கூப்பிட்டு என்னிடம் ஏதாவது கேட்கமாட்டானா என்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. எதைக் கேட்டாலும் சரி.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பெயரைக் கண்டுபிடித்தவள் நௌரின். பஜார் ரோட்டில் சாயாக்கடை வைத்திருக்கும் சிகாபுதீன் ராவுத்தரின் மகள். அப்போது காலேஜில் முதல் வருஷம். கடையில் உட்கார்ந்து போனில் ஒவ்வொருத்தர் பெயராக அடித்துத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் அத்தா பெயருக்கு ஒரு லாரி கம்பெனி வந்தது. வெங்கிடாசலம் பெயருக்கு ஹெல்மெட் போட்ட ஒருவன் வந்தான்.

"மாமா, இங்க பாருங்க. உங்க பேர யாரோ சட்டையில போட்டுட்டு அடி வாங்குறான்."

வெங்கிடாசலம் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூட மைதானம். பன்னிரண்டாம் நம்பர் சட்டை. நம்பருக்கு மேலே அவருடைய பெயர் ஒரு அக்குளில் புறப்பட்டு, கோயில் தோரணம் மாதிரி கழுத்தைச் சுற்றி வளைந்து, மறு அக்குளில் போய் இறங்கியது. அதில் A மட்டும் மூன்று. அந்தப் பெயரைத் தைத்த வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு எவனுக்கும் A கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொல்வார். பரீட்சையிலும்தான் என்று சேர்த்துக்கொள்வார்.

அன்று சாயாவை ஆறவிட்டுக் குடித்தார்.

டெக்ஸாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் மட்டாஞ்சேரியில் சனிக்கிழமை காலை ஆறு மணி. அந்தப் பள்ளிக்கூடம் தன் ஆட்டங்களை யூட்யூபில் காட்டிக்கொண்டிருந்தது. நௌரின் அதைக் கடை டிவியில் வரவழைத்துவிட்டாள். சுமைத் தொழிலாளிகள் முதல் சாயாவுக்கு வருகிற நேரம். மட்டாஞ்சேரியில் ஃபுட்பால் என்றால் உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கிற ஒரே ஃபுட்பால்தான். கலூர் ஸ்டேடியத்தில் ஆட்டம் இருக்கிற நாளில் தெருவே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடும். அப்படிப்பட்டவர்கள் பரிப்புவடையைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் டிவியைப் பார்த்தார்கள்.

"சாமி, இது என்னா பந்து? உரிக்காத தேங்கா மாதிரி" என்றார் சிகாபுதீன்.

"தேங்காயேதான் ஓய். முதல்ல தேங்காயிலதான் ஆடிண்டிருந்தா. தலைமேல விழுந்து நாலு பேர் செத்தப்புறம் தோலுக்கு மாறினா."

"உங்க மகன் கோல் அடிக்கிறவனா?"

"இல்லை."

"கோல் தடுக்கிறவன்?"

"அதுவும் இல்லை. க்வார்ட்டர்பேக்."

"அவனுக்கு என்னா பணி?"

வெங்கிடாசலத்துக்கே அது இரண்டு வாரம் முன்னால்தான் தெரியும். ஆனால் பரம்பரை பரம்பரையாக வீட்டில் இருக்கிற விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னார். "நிக்கணும். அதான் பணி. பந்து கைக்கு வரும். வந்த நிமிஷமே நூத்தியிருபது கிலோவுல நாலு பேர் அவனைக் கொல்ல வருவா. மூணு செகண்ட் டயம். அதுக்குள்ள தன் ஆள் எங்கே ஓடறான்னு பாத்து, அவன் இப்போ இருக்கற எடத்துக்கு இல்லை, இனிமே போய்ச் சேரப்போற எடத்துக்கு எறியணும்."

"அவன் அங்க போகலைன்னா?"

"போவான்."

"போகலைன்னா சாமி?"

"எறிஞ்சாச்சேன்னு போவான் ஓய். சாயா எடும்."

சிகாபுதீன் சமோவர் பக்கம் போனார். அவருக்கு மனசிலாகவில்லை. ஆனால் மூன்றாம் வாரம் நடுவரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். ஆறாம் வாரம் அவருக்கும் கரி லோடு இறக்குகிற ஒருவருக்கும் ஒரு பெனால்டி விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றது. வர்ணனைக்காரர் ஆரம்பத்தில் பெயர் வருகிற இடத்தில் பன்னிரண்டாம் நம்பர் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். பிறகு வெங்கி வரைக்கும் போனார். அடுத்த வருஷம் தைரியமாகச் சலம் வரைக்கும் போய்விட்டார். கடைசியில் மூவாயிரம் பேர் ஒன்றாக எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்துகிற நாளும் வந்தது. சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், "என்ன, கூப்பிட்டேளா" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. முகம் தெரிவதில்லை. ஹெல்மெட்டுக்குள் கம்பிகளுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ இருக்கும், அவ்வளவுதான். முதுகு தெரியும், தோள் தெரியும், கால் தெரியும். இரண்டு வருஷத்தில் அவர் மகனின் கால்களை மிளகைப் படிக்கிற மாதிரி படித்துவிட்டார். இடது கால் எறிகிற திசைக்குத் திரும்பி ஊன்றினால் பந்து நூல் பிடித்த மாதிரி போகும். திரும்பாவிட்டால் வாத்து மாதிரி பறக்கும். அவன் பயிற்சியாளருக்கு இது தெரியுமோ என்னவோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்துக் கடைசி ஆட்டத்தின் கடைசி எறியில் இடது கால் திரும்பவில்லை. பந்து எதிராளி கைக்குப் போனது. தோல்வி. ஷங்கர் மைதான ஓரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். நாலு செகண்ட் முகம் தெரிந்தது. ஸுப்ரியாவின் மூக்கு. வெங்கிடாசலத்தின் காது, விறைத்துக்கொண்டு. அழுதுகொண்டிருந்தான். அதற்குள் கேமராவை எடுத்துக்கொண்டு ஸ்கோர் பலகையைக் காட்டப் போய்விட்டார்கள்.

அந்த நாலு செகண்டை அவர் எத்தனை தரம் பார்த்தார் என்பதற்குக் கணக்கில்லை.

காலேஜில் இரண்டு வருஷம் பையனைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெரிய காலேஜ். மைதானத்தில் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, இடக்கொச்சி எல்லாவற்றையும் உட்கார வைத்தாலும் பின்வரிசை காலியாக இருக்கும். சனிக்கிழமை ஆட்டத்தை நௌரின் ஞாயிறு காலையில் போட்டுக் காட்டுவாள். வெங்கிடாசலம் மூன்றரை மணி நேரம் பார்ப்பார். ஓரத்தில் தொப்பி போட்டு, கையில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஷங்கரைக் கேமரா தற்செயலாகக் கடந்து போனால் அன்றைக்கு அது போதும்.

"கடல் நடுவுல ஒரு தோணி தெரிஞ்ச மாதிரி சந்தோசப்படுறாரே" என்று சிகாபுதீன் மகளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மூன்றாம் வருஷம் மெயின் ஆளுக்கு முழங்கால் போய், ஷங்கர் உள்ளே இறங்கினான். அதற்குப் பிறகு அவனை யாரும் வெளியே எடுக்கவில்லை. நௌரினுக்குக் காக்கநாட்டில் வேலை கிடைத்தது. சிகாபுதீன் பெரிய டிவி வாங்கினார். இந்த ஏப்ரலில் தொழில்முறை டீம்கள் ஆள் எடுத்தபோது, கடைசிச் சுற்றில், முக்கால்வாசிப் பேர் டிவியை அணைத்துவிட்டுப் போன பிறகு, வடக்கே ஒரு பனி ஊர் டீம் அவன் பெயரை வாசித்தது. வாசித்தவர் மூச்சு விடாமல் பதிமூன்று எழுத்தையும் சொன்னார்.

ஊரில் செய்தி பரவிற்று. அமெரிக்காவில் பெரிய ஃபுட்பால் டீமில் நம்ம சாமியின் மகன். உலகக் கோப்பைக்கு யார் யாருக்கோ முப்பது அடியில் ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், சொந்தத் தெருக்காரனுக்கு வைக்க வேண்டாமா என்று இளைஞர் கிளப் கூடிப் பேசியது. சிகாபுதீனின் அண்ணன் மகன் அனீஸ் இடக்கொச்சியில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறான். தொழிலில் சுத்தமானவன். இந்த ஃபுட்பாலை ஒரு நாளும் பார்த்தவனில்லை. இணையத்தில் கிடைத்த போட்டோவைப் பார்த்ததுமே அதிலிருந்த பிழைகள் அவன் கண்ணில் பட்டுவிட்டன. பந்து நசுங்கியிருந்தது. அதை எடுத்துவிட்டு நல்ல உருண்டைப் பந்தாக ஒன்றைக் காலடியில் வைத்தான். தோள் அளவுக்கு மீறி வீங்கியிருந்தது. செதுக்கினான். விளையாட்டுக்காரன் ஏன் பைக்கில் போகிறவன் மாதிரி ஹெல்மெட் போட்டிருக்கிறான் என்று அதையும் எடுத்தான். எடுத்தால் கீழே முகம் இல்லை. மணி ஆகிவிட்டது. கிளப்காரர்கள் வண்டியோடு வாசலில் நின்றார்கள். அப்பன் முகம்தானே மகனுக்கும் இருக்கும் என்று, ஏதோ கல்யாண ஆல்பத்தில் இருந்த வெங்கிடாசலத்தின் முகத்தை எடுத்து, தலைமுடியைக் கறுப்பாக்கி, கழுத்தில் ஒட்டிவிட்டான்.

மறுநாள் காலை வெங்கிடாசலம் முக்குக்கு வந்தபோது அவரே முப்பது அடி உயரத்தில் அரைக்கால் சட்டை போட்டு, தொடை தெரிய, பந்தின்மேல் கால் வைத்து நின்றுகொண்டிருந்தார். கீழே மலையாளத்தில், மட்டாஞ்சேரியின் அபிமானம் ஷங்கர் வெங்கிடாசலத்துக்கு அபிவாத்தியங்கள், அதாவது வாழ்த்துக்கள்.

கிளப்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விஷயம் மெல்லத் தெரியவந்ததும் அனீஸ் சிகாபுதீனுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தான்.

"மாமா, மாத்தி அடிச்சுத் தர்றேன். ஒரு மணிக்கூர்."

"வேண்டாம்" என்றார் வெங்கிடாசலம்.

"பந்தையாவது..."

"இருக்கட்டும்டா. கால் நன்னா வந்திருக்கு."

வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். உடம்பு அவனுடையது, தலை இவருடையது. பதினெட்டு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

ஜூன் முதல் வாரத்துக் காற்று அதை அடித்துக்கொண்டு போயிற்று. அதற்குள் யாரோ எடுத்த போட்டோ கடல் தாண்டியிருந்தது. பனி ஊரின் ரசிகர்கள், நம்ம புது ஆளின் உடம்பில் இந்தக் கிழவர் யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்களாம்.

பத்து நாள் கழித்து ஒரு காலை. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. நௌரின் காக்கநாடு போகிற வழியில் கடையில் நின்று புட்டு தின்றுகொண்டிருந்தாள். வெங்கிடாசலத்தின் போன் அடித்தது. நம்பருக்கு முன்னால் ப்ளஸ் ஒன்று, அமெரிக்கா. அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கிற பாகம் போன மழைக்கே பழுது. ஸ்பீக்கர் மட்டும்தான். ஆகவே அவர் வாழ்க்கையில் ரகசியம் என்று எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அப்பா" என்றது போன். கனத்த குரல். "நான் ஷங்கர்."

"எந்த ஷங்கர்?" வாய் தானாக வேலை செய்தது. "இங்கே இஞ்சிக் கோடவுன்ல ஒரு ஷங்கர் இருக்கான். லாட்டரி விக்கறவன் ஒருத்தன்."

"நான் ஆத்து ஷங்கர்."

சிகாபுதீன் சமோவர் குழாயை மூடினார். தண்ணீர் சத்தம் நின்றது. நூறு கிலோ எடையுள்ள ஆளின் குரல். தமிழ் மட்டும் ஐந்து வயதிலேயே நின்றிருந்தது. விமானம் ஏறிய அன்று எப்படிப் பேசினானோ அப்படியே பேசினான்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்கப்படாது."

"கேளு."

"புது டீம்ல சட்டை தைக்கறா. பின்னாடி ஒரு பேர்தான் போடலாம். விஸ்வநாத் அப்பாக்கு மார்ச்ல ஹார்ட் ஆபரேஷன் ஆச்சு. அவர்தான் என்னை டெய்லி கார்த்தால அஞ்சு மணிக்குப் பிராக்டிஸுக்குக் கூட்டிண்டு போவார். டென் இயர்ஸ். மழைலகூட. நேக்கு... நேக்கு அவர் பேர் போட்டுக்கணும்னு இருக்கு. பேப்பர்லயும் மாத்திடுவேன். அம்மா சொன்னா, அது உன் பேராக்கும், உன்னைக் கேக்காம பண்ணப்படாதுன்னு."

நௌரின் புட்டை வாயில் வைத்தபடி நின்றாள். பதினாலு வருஷமாக ஏதாவது கேட்கமாட்டானா என்று இருந்தவரிடம் கேட்டுவிட்டான். கேட்டது இது.

வெங்கிடாசலம் சாயா கிளாஸை ஒரு விரலால் மேஜையில் அரைச் சுற்று திருப்பி வைத்தார். தினம் காலை ஐந்து மணி என்றால் பத்து வருஷத்துக்கு எத்தனை காலை என்று நினைத்துப் பார்த்தார். தான் அந்தக் காலைகளில் மிளகு மூட்டைகளில் கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதும் ஞாபகம் வந்தது.

"போட்டுக்கோ" என்றார்.

"நிஜம்மாவா?"

"என் பேர் ரொம்ப நீளம்டா. ஓடறச்சே காத்துப் பிடிக்கும். அவர் பேர் ஒன்பது எழுத்துதானே. இன்னும் வேகமா ஓடலாம்."

போனில் பெரிய மூச்சு ஒன்று வெளிவந்தது. "தேங்க்ஸ் அப்பா. நான் பயந்துண்டே இருந்தேன்." அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. இரண்டு மூச்சுகளும் மழையும் மட்டும். கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது. அடுத்தது சரி அப்பா வெச்சுடறேன் என்பதுதான். சாப்பிட்டாயா என்பது வெங்கிடாசலத்தின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார். குளிரா என்பது பின்னாலேயே வந்தது. அதையும் விழுங்கினார்.

"அப்பா, அந்த போட்டோ பாத்தேன்" என்றான் ஷங்கர். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது. "பெரிசா வெச்சிருக்காளே. அது வந்து... நான் ஆடறது அந்த ஃபுட்பால் இல்லை. பந்தே வேற."

நௌரின் புட்டை விழுங்கிவிட்டு, "அய்யோ மாமாக்கு எல்லாம்..." என்று ஆரம்பித்தாள். வெங்கிடாசலம் கையை உயர்த்தினார். அவள் நிறுத்தினாள்.

"வேறயா?" என்றார். ஏழு வருஷமாக அந்த விளையாட்டை இமைக்காமல் பார்த்த மனிதரின் முகத்தில் பச்சைக் குழந்தையின் களை வந்துவிட்டது. "என்ன வேற? பந்து உருண்டைதானே?"

"இல்லைப்பா. ரெண்டு பக்கமும் கூரா இருக்கும்."

"கூரா இருந்தா உருளாதேடா. எப்படி உதைப்பேள்?"

"உதைக்க மாட்டோம். கையால எறிவோம்."

"கையால எறிஞ்சா எப்படி ஃபுட்பால் ஆச்சு?"

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவிலேயே பதில் இல்லை. ஷங்கர் பத்து நிமிஷம் முயற்சி செய்தான். அதிலிருந்து கெஜத்துக்குப் போனான். கெஜத்திலிருந்து நாலு வாய்ப்புக்குப் போனான். நாலு வாய்ப்பில் பத்து கெஜம் போகாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றான். "கொடுக்கமாட்டேன்னு சொன்னா?" என்று வெங்கிடாசலம் கேட்டார். ஷங்கர் சிரித்தான். பதினாலு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. இன்னும் இரண்டு முட்டாள்தனமான கேள்வி கேட்டால் இன்னும் இரண்டு சிரிப்பு வரும் என்று அவர் தெரிந்துகொண்டார். நடுவருக்கு ஹெல்மெட் உண்டா என்று கேட்டார். மழை பெய்தால் ஆட்டத்தைக் கல்யாண மண்டபத்துக்குள் மாற்றுவார்களா என்று கேட்டார். சிகாபுதீனால் நிற்க முடியவில்லை. தெரிந்த விஷயத்தை ஒருவர் இப்படிக் கொலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு உடம்பு வலியாகவே இருந்தது. நௌரினின் பஸ் போயிற்று. அடுத்ததும் போயிற்று.

"க்வார்ட்டர்பேக்னா ரொம்பக் கஷ்டம்பா" என்றான் ஷங்கர். பேச்சு இப்போது தானாகப் போய்க்கொண்டிருந்தது. "எல்லாரும் அவனைத்தான் திட்டுவா. ஹைஸ்கூல்ல கடைசி மேட்ச். லாஸ்ட் த்ரோ. நான் கரெக்டாத்தான் எறிஞ்சேன். எங்க ஆள் கால் வழுக்கிட்டான். பந்து அவாகிட்டப் போயிடுத்து. எல்லாரும் நான்தான் தப்புன்னுட்டா."

"வழுக்கலை" என்றார் வெங்கிடாசலம். "அவன் போக வேண்டிய எடத்துக்குச் சரியாப் போனான். நீதான் இடது காலைத் திருப்பாம எறிஞ்சே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிகாபுதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்துவிட்டானோ என்று வெங்கிடாசலம் போனை எடுத்துப் பார்த்தார். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா. அந்த மேட்ச் டிவிலயே வரலையே." குரல் தாழ்ந்திருந்தது. "ஸ்கூல் யூட்யூப்ல மட்டும்தான் இருக்கு. டூ ஹண்ட்ரட் வ்யூஸ்கூட இல்லை. நான் பாத்திருக்கேன்."

"இருநூத்திப் பதினொண்ணு" என்றார் வெங்கிடாசலம். "அதுல நூத்தித் தொண்ணூறு நான். பாக்கி நம்ம சிகாபுதீன் ராவுத்தர். அவர் கடையில டிவி இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இந்தப் பக்கமும்தான், ஆனால் அது நௌரின்.

"அப்பா, எத்தனை மேட்ச் பாத்திருக்கே?"

"எல்லாம் பாத்தாச்சு" என்று சொல்ல வாயெடுத்தார் வெங்கிடாசலம். சொல்லவில்லை. எல்லாம் பார்த்தாச்சு என்று சொல்லிவிட்டால் அப்புறம் இவன் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

"ஒண்ணு விட்டுப்போச்சுடா."

"ஏது?"

"காலேஜ் மூணாம் வருஷம். நீ முதல் தடவை இறங்கினயே, அந்த மேட்ச். கடைசி நிமிஷத்துல என்னமோ பண்ணியாமே. அன்னிக்குப் பாத்து இங்கே கரண்ட் இல்லை. அப்புறம் தேடினா கிடைக்கவும் இல்லை."

சிகாபுதீன் கண்ணைத் திறந்தார். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. ஷங்கர் ஐம்பத்தேழு கெஜம் எறிந்து ஜெயித்ததும் இதே மனிதர் இதே பெஞ்சின்மேல் ஏறி நின்றார். தெரு முழுக்கச் சாயாவும் பரிப்புவடையும் இனாமாகப் போயிற்று. மாவு தீர்ந்து கடையைச் சாத்தினவர் சிகாபுதீனேதான். அவர் வாயைத் திறந்தார். வெங்கிடாசலம் மேஜைக்கு அடியில் அவர் கால்மேல் தன் காலை வைத்து, முழு பாரத்தையும் இறக்கினார்.

"அதுவா? அதையா நீ பாக்கலை?" ஷங்கரின் குரல் ஒரே தாவலில் ஐந்து வயதுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற சத்தம் கேட்டது. "ஃபுல்லாச் சொல்லட்டா? நோக்கு நாழியாகுமோ?"

"நேக்கு என்ன வேலை. சொல்லு."

"அப்போ முதல்லேர்ந்து சொல்றேன். கார்த்தால எழுந்துண்டப்போலேர்ந்து. அன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமோப்பா?"

"தெரியாதே" என்றார் வெங்கிடாசலம்.